பயறு இல்லாத கஞ்சி

பயறு இல்லாமல் கஞ்சி குடித்து எனக்குப் பழக்கமில்லை. நாஞ்சில் நாட்டில் யாருக்குமே இல்லை. ஆகவே, விசாரிக்க வந்திருக்கும் ஐயா, முதலில் இதைக் குற்றம் என்று சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம்.

ஷைஜா அக்கா எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஸ்டெனியாகிய நான் அவளுடைய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் உதவியாளன். விண்வெளிக் கதிர்வீச்சை நம்மூர் ரப்பர் தடுக்குமா என்பது அவளுடைய ஆறு வருடக் கேள்வி. விண்வெளிக்குப் போக வழியில்லாததால், வடக்கே ஓர் ஆய்வகத்தில் அயனிக் கற்றைக்கு வரிசையில் நின்றாள். அங்கே இரும்பு அயனிகளை அசுர வேகத்தில் பாய்ச்சுவார்கள். அந்தக் கற்றையின் முன்னால் இரண்டு பொட்டலம் சிறுபயறு வைத்தாள். ஒன்று வெறுமனே, மற்றது ரப்பர் தகட்டுக்குப் பின்னால். பின்னால் இருந்தது முளைத்தால் தகடு தாங்குகிறது. அறிவியல் அவ்வளவுதான்.

பொட்டலங்கள் திரும்பி வந்த அன்று நல்ல மழை. விடுதிச் சமையலறை பூட்டிக் கிடந்தது. அறைத்தோழன் லிஜோ அறையிலேயே கஞ்சி வைத்திருந்தான்.

"பயறு எங்கலே?"

"தீந்துட்டு மக்கா. ஒருநாள் வெறுங்கஞ்சி குடிச்சா செத்தா போவ?"

ஆய்வகச் சாவி என் பையில் இருந்தது. நான் ஒன்றும் கவனமில்லாதவன் அல்ல. வெறும் பொட்டலத்தைத் தொடவே இல்லை. தகடு மறைத்த பயறைத்தான் எடுத்து வேகவைத்தேன். அக்காவின் தகட்டை உலகத்திலேயே முதலில் நம்பியவன் நான். லிஜோ இரண்டாவது. அவனிடம் சொல்லவில்லை. "தேங்கா போட்டிருக்கலாம்டே" என்று மட்டும் குறைப்பட்டான்.

மறுநாள் அஞ்சுகிராமத்துப் பலசரக்குக் கடையில் நல்ல பயறாக வாங்கிப் பொட்டலத்தை நிரப்பினேன். ஒரே வாரத்தில் வெறும் பொட்டலத்துப் பயறு அழுகியது. மற்றது முளைத்தது.

"ஏலே ஸ்டெனி, பாத்தியா, ஒண்ணுவிடாம முளைச்சிருக்கு" என்று அக்கா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறவளிடம் போய்க் கடையின் பெயரையா சொல்வது?

அப்புறம் எல்லாம் தன்னால் நடந்தது. கட்டுரை வந்தது, பட்டம் வந்தது. ஒரு விண்கலத்தின் உள்சுவரில் அந்தத் தகட்டை ஒட்டினார்கள். அதில் போகவிருந்த வைகுண்டராஜன் சார் நம் மாவட்டத்துக்காரர். புறப்படுவதற்கு முன் கல்லூரிக்கு வந்து என் தோளில் கை போட்டார்.

"தண்ணி ஊத்துன ஆளு நீதானே தம்பி? இதை நம்பிப் போலாமா?"

"தைரியமா போங்க சார். ஒண்ணுவிடாம முளைச்சுது."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தகடு மறைத்த பழைய பயறில் பதினொன்று பொட்டலத்தின் மடிப்பில் மிஞ்சியிருந்தது. அதை நான் ஈரத்துணியில் கட்டிப் பார்த்திருந்தேன். பத்து நாளாகியும் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. பயணம் புறப்படுகிறவரிடம் அபசகுனமாகப் பேசும்படி எங்கள் வீட்டில் என்னை வளர்க்கவில்லை.

அவர் மேலே போய் இன்று நாற்பதாவது நாள். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, ஓயாத வாந்தி என்கிறீர்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை ஐயா. அங்கே கஞ்சிக்குப் பயறு கொடுத்திருக்க மாட்டார்கள்.