மச்சாளின் கனடாக் குளிசை

படலையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. கிளாலிக் கடலால் வந்து சேர்ந்த நீக்கிலாப்பிள்ளை, கனடாவிலிருந்து என் கணவரின் தம்பி அனுப்பிய இரும்புச் சத்துக் குளிசைப் போத்தலைச் சாரமடிப்புக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. போர் நடந்ததால் எங்கள் பக்கத்துக்கு மருந்துகள் தடைசெய்யப்பட்டிருந்த காலம். அதைக் கைநீட்டி வாங்கியபோது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

குளிசை மச்சாளுக்கு வந்தது. என் கணவரின் அக்கா நாகேஸ்வரி. கலியாணம் செய்யாதவர். கணவர் இறந்த பிறகு புத்தூர் வீட்டில் அவரும் நானும் என் மகள் குணலட்சுமியும்தான்; மருமகன் வேலையாக வெளியூரில். மச்சாளுக்கு இரத்தம் குறைவு, கண்ணும் மங்கல். காலையில் அவருடைய உள்ளங்கையில் குளிசையை வைப்பது என் வேலை.

இரும்புச் சத்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டியது. மலம் கரிபோலக் கறுத்தது.

"உவன் சத்தே அனுப்பினவன்? காங்கேசன்துறைச் சீமெந்தெல்லோ அனுப்பியிருக்கிறான். வயிறு இறுகிப் போச்சு," என்றார் மச்சாள்.

டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் சிரித்தார். "இரும்புக் குளிசை குடிச்சால் கறுப்பாத்தான் போகும். பயப்பிடாதேங்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு குடுங்கோ."

அதன்பின் எங்கள் வீட்டில் கறுப்பைக் கண்டு ஒருவரும் பயப்படவில்லை.

அப்போதுதான் குணலட்சுமி முழுகாமல் இருந்தாள், வயிற்றில் நாலு மாதம். முகம் வெளிறி, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கினாள். கிளினிக்கில் இரும்புக் குளிசை இல்லையென்று கையை விரித்தார்கள். போத்தலை அவளுக்கென்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் மச்சாள் தந்திருப்பார். அவரிடம் கேட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை.

மச்சாளின் கையை வெறுமையாக விடவும் முடியாது. கணவர் குடித்து மிஞ்சிய மூட்டுவலிக் குளிசைகள் இருந்தன. அதே சிவப்பு, அதே பருமன். மச்சாளுக்கும் முழங்கால் நோ. ஆகவே அதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. வெறும் வயிற்றில் குடித்தால் அது குடலைப் புண்ணாக்கும் என்று கணவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

சில நாளில் மலத்தின் நிறம் பழையபடி வந்தது. "சீமெந்து கரைஞ்சிட்டுதடி," என்று மச்சாள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நல்லூரில் திருவிழாவுக்குக் கொடியேறியது. மச்சாள் வழக்கம்போல் ஒருநேரச் சாப்பாட்டு விரதம். காலையில் வெறும் தேத்தண்ணியோடு அந்தக் குளிசை. நெஞ்செரிவு தொடங்கியது. பிறகு மலம் மீண்டும் கறுத்தது. இம்முறை தார்போல ஒட்டியது, நாறியது. இரும்பே குடிக்காதவருக்கு அது இரத்தம் என்று அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் கழுவி ஊற்றினாள். மறுநாள் காலையும் குளிசையோடு போய் நின்றாள். மச்சாள் கையை விரித்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தேருக்கு முதல்நாள் மயங்கி விழுந்தார். டொக்டர் வீட்டுக்கே வந்தார். குணலட்சுமி பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் இரத்தம் ஊறியிருந்தது.

"மிச்சக் குளிசையை நீ குடி பிள்ளை," என்றார் மச்சாள். "எனக்கு இனி என்னத்துக்கு?"

மறுநாள் தேர் இருப்பிடம் திரும்புமுன் மச்சாள் போய்விட்டார். ஆனால் டொக்டர் வந்து நின்ற அந்த நேரம் உயிர் இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் மலத்தின் நிறம் கேட்டார். கறுப்பு என்றேன்.

"இரும்புக் குளிசை இன்னும் குடுக்கிறியளோ அக்கா?"

"ஓம் டொக்டர். சாப்பாட்டுக்குப் பிறகுதான் குடுக்கிறனான்."