ஆறு முனை நட்சத்திரம்

அதை வெறும் கையால் எடுக்காதீர்கள், சார். கை வியர்வை பட்டால் பித்தளை கறுத்துவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது. அந்தப் பஞ்சுத் துணியோடு அப்படியே மேசையில் வையுங்கள். நன்றி. இனி நிம்மதியாகப் பேசலாம்.

நீங்களும் எல்லோரையும் போல அதைக் குண்டு என்கிறீர்கள். குண்டு என்பது முனையில் இருக்கும் ஈயம் மட்டும். பித்தளைக் கூடு, வெடிமருந்து எல்லாம் சேர்ந்தால்தான் தோட்டா. அருங்காட்சியகத்தில் தோட்டா அறையைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது.

இந்தத் தோட்டாவின் ஆயுசு மூன்று வருடம்கூட இல்லை. பூட்டு செய்துகொண்டிருந்த ஒரு சின்ன ஆலை, பட்டாளத்தின் புதுத் துப்பாக்கிக்காக இதைச் செய்தது. துப்பாக்கி சிப்பாய்களின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்டாளம் மனம் மாறி வேறொன்றை வாங்கிவிட்டது. செய்துவைத்த தோட்டாக்களைப் பிரித்து, பித்தளையை உருக்கி, கதவுக் கைப்பிடி வார்த்து விற்றார்கள். வழக்கொழிந்த தோட்டாக்களைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. அடியில் குத்தப்பட்ட முத்திரை ஆறு முனை நட்சத்திரம் என்று படமும் வரைந்திருந்தேன். தோட்டாவை மட்டும் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்தது தங்கை வீட்டில். அவள் கணவருக்குத் தாத்தா வழியில் அந்தத் துப்பாக்கியும் ஒரே ஒரு தோட்டாவும் வந்து சேர்ந்தன. எனக்குத் தெரிந்து உலகத்தில் மிச்சம் அது ஒன்றுதான். மனிதர் அதைச் சட்டைப் பொத்தான்கள் கிடக்கும் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. கையில்கூடத் தரவில்லை, உயரத் தூக்கிக் காட்டினார்.

"எனக்குக் கொடுத்துடுங்க மாப்பிள்ளை" என்று கேட்டேன்.

"சுடறதுக்குத்தானே மச்சான் செஞ்சாங்க? என் பிறந்தநாளுக்குச் சுடப்போறேன். காலிக் கூடு உங்களுக்குத்தான், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க."

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உறையை மட்டும் கொடுப்பது மாதிரி. பல தடவை கேட்டுப் பார்த்தேன். தங்கையும் எனக்காகப் பேசினாள். அவர் சிரித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதனால் ஒரு நகல் செய்தேன். வேறொரு பழைய கூட்டை அளவுக்கு அறுத்து, அரத்தால் ராவி, புத்தகத்தில் உள்ளபடி முத்திரை குத்தினேன். மருந்து இல்லாமல் செய்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வெறுமனே டிக்கென்று சத்தம் வந்தால் போலி என்று தெரிந்துவிடும், அசலைத் திருப்பிக் கேட்பார். எனவே இன்றைய மருந்தைப் போட்டேன். அந்தக் காலத்துத் துப்பாக்கி, புகை கக்கி மெதுவாக எரியும் மருந்துக்காகச் செய்தது. புது மருந்தின் வேகத்தை அது தாங்காது என்பார்கள். தாங்கினாலும் தாங்கும், சார். யார் கண்டது?

பிறந்தநாளுக்கு முந்தின நாள் மதியம் போனேன். பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, எனக்கு டீ போட உள்ளே போனார். மாற்ற அவ்வளவு நேரமே அதிகம்.

"நல்லா இருக்கு, தைரியமா சுடுங்க" என்றேன்.

"நீங்களே பார்த்தாச்சு, இனி என்ன பயம்?" என்றார். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அசலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், நட்சத்திரத்துக்கு ஐந்தே முனை. சாயங்காலம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அச்சாகிப் போன புத்தகம், எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள். மனசு கேட்காமல் தங்கைக்குப் போன் செய்தேன்.

"மாப்பிள்ளை அந்த முத்திரையை உத்துப் பார்த்தாராம்மா?"

"இல்லண்ணா. அப்பவே துப்பாக்கியில போட்டுட்டார். காலையில நீயும் வா. பாப்பா காதைப் பொத்திக்கிட்டு அப்பா பக்கத்துலயே நிக்கப்போறாளாம்."

இங்கேதான் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறீர்கள். துப்பாக்கி வெடித்துச் சிதறும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை நான். தங்கையையே கேளுங்கள். அவளும் குழந்தையும் கீறல் இல்லாமல் இருப்பது என்னால்தான்.

"பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நீ வீட்டுக்குள்ளயே இரு. கதவைச் சாத்திக்கோ" என்று சொன்னேன்.

"அப்போ அவரு?" என்றாள்.

"சுடறவர் எப்படிம்மா உள்ளே இருக்க முடியும்?" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.