கொம்பியூட்டர் அரிச்ச கதவு

...மிசின் பிழ விடாதாமே! மனிசன்தான் பிழ விடுவானாம். துபாயில கதவுக் கம்பனியில நிக்கிற என்ட தம்பி ஸலாஹுதீன்ட கடிதம் இந்தாக் கிடக்கு, வாசிச்சிக் காட்டவா நல்லரெத்தினம் ஓடாவியார்? இந்தத் தச்சு வேலைய உங்களுக்கிட்டக் குடுத்தா உளி தீட்டவே ஆறு மாசம் எண்டுதான் அங்க செய்விச்சன், ரோசப்படாதீங்க. கிட்ட வந்து தொட்டுப் பாருங்க. புதுத் தேக்கு! கப்பல்ல வந்து இறங்கி மூணு நாள்தான். அதுக்குள்ள கறையான் அரிச்சிரிக்கி!

ஓம், சிரிங்க. நீங்களும் சிரிங்க.

கறையான் இல்ல ஓடாவியார், கொம்பியூட்டர்! கதவுல பூ வேலைய வெட்டின கையோட கறையான் போன தடத்தையும் வெட்டி வெச்சிரிக்கி. அதுவும் சோடிக் கதவுட ரெண்டு பலகையிலயும்! ஒரு பக்கத்தக் குடுத்தா மத்தப் பக்கத்த அதுவே திருப்பிப் போட்டு வெட்டுமாம். எந்தக் கறையானாவது இந்தப் பக்கம் அரிச்ச மாதிரியே அந்தப் பக்கமும் அளவெடுத்து அரிக்குமா?

எங்க இரிந்து வந்ததா? அது... தாள்ல இருந்திச்சி. பக்கத்து ஊட்டு ஹாஜறாட கதவுல தாள வெச்சிக் கரித்துண்டால தேய்ச்சி எடுத்துத் தம்பிக்கு அனுப்பினன். கேட்டாத் தருவா. மறுகா, 'என்ட கதவப் பாத்துத்தான் சபியா செஞ்ச' எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவாளே! அதான் எல்லாரும் மையத்துப் பாக்கச் செத்த ஊட்டுக்குப் போன நேரம், எனக்குக் கால் உளைவு எண்டு நிண்டு... அந்தக் கதைய உடுங்க.

தம்பியும் எழுதிக் கேட்டான்தான். 'ராத்தா, பூவுக்குக் கீழ கோணல்மாணலா ஒரு கோடு ஓடுதே, அதுவும் வேணுமா?' எண்டு. தாள மேசையில விரிச்சி, பேனை மாதிரி ஒண்டால கோடு கோடாத் தொட்டுத் தொட்டுத்தான் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுக்கிறதாம். சொன்னத வெட்டும், சொல்லாதத வெட்டாது. நான் என்ன எழுதின எண்டா... 'அவட கதவுல இரிக்கிற ஒண்டும் என்ட கதவுல குறையப்படா.'

புட்டி பூசித் தடத்த அடைக்கிறதா? பொலிஷ் போட்ட தேக்குல புட்டி வெச்சாப் பல்ல இளிக்குமே! நாளைக்கு ஜும்மா முடிய மாப்புள ஊட்டாக்கள் வாறாங்க, ஊடு பாக்க. என்ட மகள் ஸகியாக்குச் சீதனமாக் குடுக்கிற ஊடு. வாசல்லயே கறையானக் கண்டா உள்ள காலடி வைப்பாங்களா? புள்ள குசினிக்குள்ள அழுதுக்கிட்டு இரிக்கா.

சரி, ஒரு வழி வெச்சிரிக்கன். இதுதான் இப்ப துபாய் மோஸ்தர் எண்டு சொல்லுவன். நம்பாட்டி, பக்கத்து ஊட்டையும் பாருங்க எண்டு ஹாஜறாட கதவக் காட்டுவன். அங்கயும் கறையான் அரிச்ச இதே தடம் இரிக்கே! ஊருக்குள்ள ரெண்டு கதவுல இரிந்தா மோஸ்தர்தானே...

என்ன? ஹாஜறாட தடத்த நேத்தே அடைச்சாச்சா? அவட கதவு பெயிண்ட் அடிச்சது, அடைச்சாத் தெரியாதுதான்... ஆரு அடைச்ச? நீங்களா?

யா அல்லாஹ்! அப்ப இந்தத் தெருவுல கறையான் அரிச்ச கதவு என்ட ஒண்டு மட்டுமா?