ஒரே நேரத்தில் மணியும் கிணறும்

பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு காவலாளியின் வேலை என்னால் போயிற்று. கொட்டகை தீப்பிடித்ததும் மணியடித்துவிட்டுக் கிணற்றுக்கு ஓடியதாக அவர் சொன்னார். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது, கம்பீரமாக இருக்கட்டும் என்று 'சைமல்டேனியஸ்லி', அதாவது 'ஒரே நேரத்தில்', என்று சேர்த்தேன். பொய் சொல்கிறான் என்று துரை அவரை நீக்கிவிட்டார்.

மறுவாரம் திருவனந்தபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள்.

"மணிகிட்டயும் கிணத்துகிட்டயும் ஒரே நேரத்துல நின்னேனாம்டி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடிச்சிட்டு ஓடினேன்னுதான். வேற மாதிரி சொன்னேனோ? இப்ப எனக்கே குழப்பமா இருக்கு."

"கிளார்க்கு தப்பா எழுதியிருப்பாரோ?"

"போடி, அவரு படிச்சவரு. நான்தான் உளறியிருப்பேன்."

"சரி விடுங்க. சாலை பஜார் கடையில மூட்டை தூக்கவாவது கூப்பிடுவாங்க."

நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் துரையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஆள் அனுப்பிக் காவலாளியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். காவலாளி ஒரு சீப்புப் பழத்தோடு என்னிடம் வந்தார்.

"நான் உளறினதை நீங்கதான் திருத்திக் குடுத்தீங்களாம்."

"தப்பு என்னுடையது" என்றேன்.

"படிச்சவங்க அப்படித்தான் பெருந்தன்மையாச் சொல்லுவீங்க" என்று கும்பிட்டுவிட்டு, பழத்தை மேசையில் வைத்துப் போனார்.