நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சமோசா நன்றாக இருக்கும். நேரு பிளேஸில் கீழே இறங்கினால் ஒரு பையா கடை, அங்கிருந்து வரும். ஆனால் சும்மா வராது. அன்றைய சோதனைகள் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். ஒன்று சிவந்தாலும் வெறும் டீதான். இந்த விவரம் விசாரணைக்கு எதற்கு என்று தோன்றலாம், ஷ்ரேயா மேடம். தேவைப்படும்.

தமிழில் எழுதுகிறேன். எந்த மொழி வசதியோ அதில் எழுதலாம் என்று நீங்கள்தான் பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். மொழிபெயர்க்க ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். 'முழுகாம' என்ற வார்த்தைக்கு அவர் என்ன போடுகிறார் என்பதை மட்டும் எனக்கும் சொல்லுங்கள்.

'சொல்லக்கா' நம் கம்பெனியின் சாட்பாட். டெல்லியில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் போனில் உடம்புக்கு என்ன என்று பேசினால் அது பதில் சொல்லும். அது ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு சோதனையும் மூன்றே வரி. இன்னார் இந்த நிலையில் இருக்கிறார். அவர் இப்படிச் சொல்கிறார். அப்போது சொல்லக்கா இப்படிப் பதில் தர வேண்டும். இப்படி நானூற்றுப் பன்னிரண்டு. தினமும் காலையில் மெஷின் தானே எல்லாவற்றையும் பேசிப் பார்க்கும். மூன்றாவது வரியில் உள்ளபடி பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு.

என்னை எதற்கு எடுத்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா லோதி ரோடு குவார்ட்டர்ஸில் நான்கு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தவர். வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. உங்கள் வெப்சைட்டில் என் போட்டோ இன்னும் இருக்கிறது, 'எளிய மக்களின் குரல்' என்று கீழே போட்டு. சேர்ந்த அன்றே அதைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஐடி கார்டு வர ஒரு மாதம் ஆனது.

குரல்தானே, எழுதினேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் கர்ப்பமாக இருப்பதை 'முழுகாம இருக்கேன்' என்பார்கள். விலக்கு நின்றது, தலைக்கு முழுகவில்லை, அவ்வளவுதான். அதை ஒரு சோதனையாகப் போட்டேன். சிவந்தது. தினமும் குளிப்பது உடலுக்கு நல்லது என்று சொல்லக்கா அறிவுரை சொன்னது.

டீம் மேனேஜர் கல்யாணராமன் என் மேஜைக்கு வந்தார். மூன்று தலைமுறையாகக் கரோல் பாக்காரர். தமிழை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வார்.

"இந்திராணி, யாரும்மா இப்படிப் பேசறா? இது தமிழே இல்ல."

"எங்க வீட்ல பேசறாங்க சார்."

"அச்சா, உங்க வீட்ல." திரும்பி எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். "படிக்காதவா பேசறதெல்லாம் மெஷின்ல ஏத்த முடியாது. சொன்னாலும் புரியாது அவாளுக்கு. பச்சை ஆக்கும்மா, ஜல்தி. சமோசா ஆறிடும்."

பச்சை ஆக்கினேன். சோதனையை அழிக்கவில்லை. மூன்றாவது வரியை மட்டும் மாற்றினேன்: அப்போது சொல்லக்கா அவரைக் குளிக்கச் சொல்ல வேண்டும். சொன்னது. பச்சை. அவரே தட்டை நீட்டினார், நானும் எடுத்துக்கொண்டேன்.

இதில் பொய் எதுவும் இல்லை, மேடம். எது நடக்கிறதோ அதையே எதிர்பார்ப்பதாக எழுதினேன். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் வேறு என்ன செய்கிறோம்?

பிறகு சொல்லக்கா வெளியே, பெண்களின் போனுக்குப் போனது. நான் தினமும் உரையாடல் பதிவுகளைத் தேடினேன். மூன்று வாரம், ஒருத்திகூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. 'ப்ரெக்னன்ட்' என்றார்கள், 'மாசமா இருக்கேன்' என்றார்கள். அந்த இரண்டும் அதற்குத் தெரியும். டெல்லி எல்லாரையும் திருத்தியிருந்தது. கல்யாணராமன் சொன்னது சரி என்று ஆகிவிடும் போலிருந்தது. அது நியாயமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அண்ணி செங்கம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாலு அண்ணனைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம். ஏழு மாதம் வயிற்றில். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"பாப்பா, தல வெடிக்கிற மாதிரி வலிக்குது. கண்ணு வேற மங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?"

"முதல்ல இதுல கேட்டுப் பாருங்க அண்ணி," என்று போனைக் கொடுத்தேன்.

கேட்டார். சொல்லக்கா பதில் சொன்னது: 'நீண்ட நாள் குளிக்காமல் இருப்பது தலைவலியை உண்டாக்கும். வெந்நீரில் குளிக்கவும். கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து ஓய்வெடுக்கவும். நன்றி, சகோதரி.'

அண்ணி சிரித்துவிட்டார். "இன்னா பாப்பா, குளிக்கச் சொல்லுது? காலைலதான குளிச்சேன்."

"டாக்டருங்க சேர்ந்து பண்ணினது அண்ணி. சொன்னதச் செய்ங்க."

செய்தார். வெந்நீர் நான்தான் வைத்துக் கொடுத்தேன். பிறகு திரையைப் படம் பிடித்துக்கொண்டேன். தெளிவாக வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணிக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். அவரை மட்டும்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தை எல்லாருக்கும் மெயிலில் அனுப்பினேன். அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். கல்யாணராமனுக்கு வேலை போனது. 'முழுகாம' மெஷினில் ஏறியது. டெல்லியில் இனி எந்தப் பெண் அப்படிச் சொன்னாலும் சொல்லக்காவுக்குப் புரியும். நான் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மூன்றாவது வரியை மாற்றியது யார் என்பது முதல் கேள்வி. நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் ஏன் இரண்டு குரல் இருக்கின்றன என்பது அடுத்தது. நன்றாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அண்ணி முதலில், "நான் மாசமா இருக்கே" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தியது நான். "இப்படி வேணாம் அண்ணி, ஊர்ல உங்க அம்மாகிட்ட எப்படிச் சொன்னீங்களோ அப்படிச் சொல்லுங்க" என்ற குரல் என்னுடையதுதான். கர்ப்பிணிக்குக் கால் வீங்கி, தலை வலித்து, கண் மங்கினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். இருநூற்று ஆறாவது சோதனை அதுதான். நானே எழுதியது. என்றைக்கும் பச்சை.

போன வெள்ளிக்கிழமை புதுச் சோதனையோடு எல்லாம் பச்சை. சமோசா வந்தது. அண்ணிக்கும் இரண்டு கட்டி எடுத்துப் போனேன். தொடவில்லை. எதற்காகச் செய்தேன் என்று உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படிக்காதவர். சொன்னாலும் புரியாது.