கோகிலா குளித்த குட்டை

பெருமதிப்புக்குரிய கூட்டத் தலைவர், இத்தோட்டத்துத் துரை அவர்களே! அழைத்த நேரத்துக்கு முன்பே வந்து எங்களைக் குழப்பிவிட்ட டாக்டர் அவர்களே! ரப்பர் பால் வெட்டி, பால் சுமந்து, கை கழுவத் தண்ணீரின்றி வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! லயத்து வீடுகளின் கூரையேறிப் பார்க்கும் தம்பிமார்களே, தகரம் பழையது, இறங்குங்கள். தோட்டத் தொழிலாளர் கமிட்டித் தலைவன் ஏழுமலையின் வணக்கம்.

ஒன்பது வயதுக் கோகிலா உயிரோடு திரும்பியதற்காகக் கூடியிருக்கிறோம். அவளைக் கொல்லப் பார்த்தது எது? சிறுத்தையா? சீறும் பாம்பா? அமீபா! குட்டையில் முங்கும்போது மூக்கிலேறி மூளையில் குடியேறும், கண்ணுக்குத் தெரியாத உயிர். இந்த நாட்டின் குடியுரிமைக்கு நாம் மூன்று தலைமுறை காத்திருந்தோம். அது ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை.

காய்ச்சல், தலையிடி, வாந்தி, பிறகு நினைவில்லை. "குளம் குட்டையில் குளித்தாளா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க, பைப்புலதாங்க" என்றாள் தாய் விஜயகலா. எந்தப் பைப்பில்? லயத்துப் பைப் வறண்டு நாற்பது நாள்! சிரிக்காதீர்கள். ரப்பர் ஸ்டோருக்குப் பின்னாலுள்ள குட்டையில் பிள்ளைகள் குளித்தால் பெற்றோரின் பெயர் வேலைப் பதிவிலிருந்து வெட்டப்படும் என்று நோட்டீஸ் தொங்குகிறதே, அவள் மறைத்ததற்கு அதுதான் காரணம். "வாயத் தொறக்காத தாயி, பேர வெட்டிருவாங்க" என்று ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்குப் புத்தி சொன்ன மேதை யார்? சற்றுமுன் மாலை போட்டீர்களே, இந்தக் கழுத்துக்குரியவன்தான்.

அரைநாள் போயிற்று. பிள்ளைக்குக் கைகால் இழுத்தது. டாக்டர் மறுபடி கேட்டார். விஜயகலா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "நேவா, தொஸ்தர மஹத்தயா! குளிச்சாங்க! குட்டையிலதாங்க குளிச்சா!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினாள்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், அந்த அமீபா நெளிந்தது. கொழும்பிலிருந்து மருந்து வந்தது. இந்த நோயில் பிழைப்பவர்கள் அரிதிலும் அரிது என்றார் டாக்டர். பிழைக்க வைத்தது மருந்து. மருந்தை வரவழைத்தது தாயின் உண்மை. அந்த உண்மையை அரைநாள் தடுத்து வைத்தது என் அறிவு. வெட்கமாக இருக்கிறது. கைதட்ட வேண்டாம்.

தலைவர் அவர்களே! தண்ணீர் கொடுக்காத தோட்டம், தண்ணீரில் இறங்கியதற்குத் தண்டனை கொடுக்கலாமா? பைப்பைத் திறந்துவிடுங்கள்! நோட்டீஸைக் கழற்றுங்கள்! விஜயகலாவின் பெயரை வெட்டுவதானால், என் பெயரை முதலில் வெட்டுங்கள்!

பதினெட்டாம் நாள் கோகிலா கண் விழித்தாள். தண்ணீர் கேட்கவில்லை. வலிக்கிறது என்று அழவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "தொரைக்குத் தெரியுமாம்மா?"

தெரியும், கண்ணு. இப்போது தெரியும். அவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. பதில் சொல்லப்போகும் தலைவருக்கு வணக்கம்.