மெதுவாக ஓடும்போது மட்டும் வரும் நடுக்கம்

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்புக்கு ஐட்லிங், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது, சரியில்லை, ஐயா. டிரைவர் அதை அணைக்காமல் விட்டுவிட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், அப்போது கேட்டேன். பெரிய கோளாறாக இருக்காது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினாலே பாதி சரியாகிவிடும். கேட்காத யோசனை சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். வண்டிச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குக் கையும் காலும் சும்மா இருக்காது.

நீங்கள் கூப்பிடாமலே நான் இங்கே வந்ததும் அப்படித்தான். என் மகள் ஓட்டிப்போன அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை உங்கள் ஆட்கள் சோதித்தார்களாம். இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பழசாகிக் கிழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்களாம். மாப்பிள்ளை சொன்னார். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். என் ஷெட்டில் நுழைந்த வண்டி பழைய ரப்பரோடு வெளியே போனதாக இதுவரை ஒருத்தரும் சொன்னது கிடையாது.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். கீழே ஷெட், மேலே வீடு. மனைவி போய்ச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். அவளை வேலையாட்கள் எல்லாரும் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, அதன் பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு, எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். என்னைவிட அவளுக்குக் காது கூர்மை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனாள். முதலில் அடிக்கடி வந்தாள். அப்புறம் ‘வரேம்ப்பா’ என்று போனில் சொன்னாள். அப்புறம் அதையும் அவசரமாகச் சொன்னாள். நான் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வாய் இறங்காது. யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் கீழே இறங்கி ஏதாவது ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுக்கொண்டிருப்பேன். பெற்ற பெண் தானாக அப்பாவை மறப்பாளா? மாப்பிள்ளைதான் விடவில்லை என்று எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் கார் திணற ஆரம்பித்தது. அவருக்கு அது உயிர். வேறு யாரையும் தொட விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். காற்று நுழையும் த்ராட்டிலில் கரி படிந்திருந்தது, துடைத்து மாட்டினேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் அன்று முழுக்க அவள் மாடியில் இருந்தாள். பாத்திரத்தையெல்லாம் எடுத்துப்போட்டுக் கழுவி, அலமாரியை ஒழித்து, “ஏம்ப்பா, ஒரு மனுஷன் இருக்கிற வீடா இது?” என்று திட்டினாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

வண்டி சரியாகிவிட்டது. அதனால் அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. என் கைத்திறமையை நானே நொந்துகொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லி வரவழைத்தேன். அன்றைக்குத்தான் செய்தேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இன்ஜின் மெதுவாக ஓடும்போது கொஞ்சமாகத்தான் காற்று இழுக்கும். எவ்வளவு காற்றோ அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் பீச்சும். கணக்கில் வராத காற்று எங்கேயாவது ஒரு கீறல் வழியே உள்ளே நுழைந்தால் கலவை கெட்டு, வண்டி குலுங்கும், சில நேரம் அணைந்தும் போகும். ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டால் அந்தக் கீறல் இருப்பதே தெரியாது, பட்டு மாதிரி ஓடும். ஆபத்தில்லாத கோளாறு, ஆனால் மனிதனை நிம்மதியாக விடாது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

காற்று போகும் ஹோஸ்கள் பல இருக்கின்றன. முன்னால் இருப்பதில் கீறினால் யார் கண்ணிலும் பட்டுவிடும். இன்ஜினுக்குப் பின்னால், குனிந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில் ஒன்று போகிறது. அதன் அடிப்பக்கம் பிளேடால் ஒரு நக அளவுக்குக் கீறினேன். அந்த ஹோஸ்தான் பிரேக்குக்கும் வலு கொடுக்கிறது, அந்த வலு போனால் பெடல் இறுகி மிதிக்க வராது. அது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சின்னதாகக் கீறினேன்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தார்கள். ஒரு வாரம் பிளக் மாற்றினேன். ஒரு வாரம் இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினேன். ஒரு வாரம் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டி உதட்டைப் பிதுக்கினேன். மாப்பிள்ளை ஓரமாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “இன்னும் சரியாகலையா மாமா? பரவாயில்ல, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்பார். ஒரு தடவை கூட முகம் சுளித்ததில்லை. உயிராக நினைக்கிற வண்டி நடுரோட்டில் அணைந்து போகிறது, இந்த மனிதருக்குக் கோபமே வராதா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மகள்தான் கிண்டல் பண்ணுவாள். “ஊர்ல இருக்கிற ஓட்ட வண்டியெல்லாம் உன் கை பட்டா பறக்குது. மருமகன் வண்டின்னா மட்டும் கை ஓடலையாக்கும்?” என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். அவள் மேலே ஏறிப்போகிற காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த வாரத்துக்கு எதைக் கழற்றலாம் என்று யோசிப்பேன்.

கடைசி ஞாயிறு அவள் மாடிக்குப் போகவில்லை. நேராக வண்டியிடம் வந்தாள்.

“அப்பா, எங்கயாவது காத்து இழுக்குதோ? ஸ்ப்ரே அடிச்சுப் பார்த்தியா?”

இன்ஜின் ஓடும்போது ஹோஸ்கள் மேலே க்ளீனர் ஸ்ப்ரே அடித்தால், கீறல் இருக்கிற இடத்தில் அது உள்ளே இழுக்கப்பட்டுச் சத்தம் மாறும். கண்டுபிடித்துவிடலாம்.

“அதெல்லாம் பார்த்தாச்சும்மா. ஸ்ப்ரேயும் காலி” என்றேன். காலடியில் இருந்த டப்பாவை மேஜைக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

“அப்ப நானே ஓட்டிப் பார்க்கிறேன். மெதுவா போனா எங்கேர்ந்து வருதுன்னு காதுல விழுந்துரும். இத இன்னைக்கோட முடிச்சிரலாம்ப்பா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்கயே போயிடுது, எனக்குன்னு ஒரு நாள் இல்ல.”

இதை அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள், ஐயா. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவள் ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாலத்துக்கு இறங்கும் சரிவில் நடுக்கத்தைக் கேட்பதற்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறாள். இன்ஜின் அணைந்துவிட்டது. பிரேக் முதல் தடவை பிடித்ததாம், அப்புறம் எவ்வளவு மிதித்தும் பெடல் இறங்கவில்லையாம். கீழே சிக்னலில் லாரி நின்றிருந்தது. மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை கையில் கட்டோடு ஷெட்டுக்கு வந்தார். அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

“எல்லாரும் கம்பெனி சர்வீஸ்ல விடச் சொன்னாங்க மாமா. நான்தான் இங்கயே கொண்டு வந்தேன். அப்பாவப் போய்ப் பார்த்துட்டு வான்னு நான் சொன்னா, ‘வேலை இருக்கு, அப்புறம் பார்க்கலாம்’னு சொல்லுவா. வண்டியச் சாக்கு வெச்சாதான் கிளம்புவா. அதான் சரியாகலன்னாலும் பரவாயில்லன்னு விட்டுட்டேன். நான் கொன்னுட்டேன் மாமா.”

துக்கத்தில் ஏதேதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அவள் அப்படிச் சொல்கிற பெண் இல்லை. அவர் தோளில் கை வைத்து, “அவள ஓட்ட விட்டிருக்கக் கூடாது மாப்பிள்ளை” என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்போதுதான் ஹோஸ் பழசு என்று நீங்கள் எழுதியதைச் சொன்னார். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை வெளியே எடுத்துவிட்டது நான்தான். வாசலில் நிறுத்த பிரேக்கை மிதித்தேன். கட்டை மாதிரி இருந்தது. கீறல் பெரிதாகிவிட்டது என்று கால் வைத்தவுடனே தெரிந்துவிட்டது. உள்ளே சுவரில், ஆணியில், அதே அளவில் புது ஹோஸ் தொங்கியது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மாற்றியிருக்கலாம். மாற்றினால் நடுக்கம் நின்றுவிடும். நின்றுவிட்டால் அவள் வரமாட்டாள். ஒரு வாரம்தானே, அடுத்த ஞாயிறு வரும்போது இதை மாற்றிவிட்டு வேறொன்றில் கீறிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இறங்கி, சாவியை நானே அவள் உள்ளங்கையில் வைத்தேன். “பார்த்துப் போம்மா” என்றேன்.

பழைய ரப்பர் என்று எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. பெற்ற மகள் போகிற வண்டியில் யாராவது பழைய ரப்பரை விட்டுவைப்பார்களா?